ஊர் மாறி வந்த பறவை: பார்த்தது எப்போது பதிவாகிறது?

2021 டிசம்பரில், அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள மேய்ன் மாநிலத்தில் ஒரு ஸ்டெல்லர் கடற்கழுகு வந்து இறங்கியது. ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்திலும் ஓகோட்ஸ்க் கடலோரத்திலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு ஜப்பான் வரை வந்து போகும் பறவை அது. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சில ஆயிரம்தான் இருக்கும். இந்த ஒற்றைக் கழுகு 2020 ஆகஸ்டில் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021இல் கனடாவின் கிழக்கு மாகாணங்களில் சுற்றியது. பிறகு மாசசூசெட்ஸ், அப்புறம் மேய்ன். அத்தனை இடங்களிலும் பார்த்தது ஒரே கழுகுதான் என்று எப்படிச் சொன்னார்கள்? சிறகின் மேற்புறத்தில் இருந்த வெள்ளைத் திட்டுகளின் அமைப்பை வைத்துத்தான். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஊர்களில் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் அந்தத் திட்டுகள் பொருந்தின.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்களுக்குக் குழப்பமும் கூடவே வருகிறது. ஒரு பறவை எப்படி இவ்வளவு தூரம் வழிதவறும்? பார்த்தவர் சொன்னதை ஏன் உடனே ஏற்றுக்கொள்வதில்லை? பதிவுகளை மதிப்பிடும் குழுக்கள், படம் இருந்தும் சிலவற்றை ஏன் தள்ளிவிடுகின்றன? ‘அங்கீகாரம்’ கொடுக்க இவர்கள் யார்?

பறவையைப் பார்த்தது வேறு, அது பதிவாவது வேறு. ஒரு அரிய பறவைப் பதிவுக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன: இது இந்த இனம்தான், இந்த இடத்தில் இந்த நாளில்தான் இருந்தது, தானாகவே வந்தது. மூன்றுக்கும் சான்று வேறு வேறு. ஒன்றுக்கான சான்றைக் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் நிரூபித்துவிட்டதாக நினைப்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன.

எல்லை என்பது இடமும் மாதமும் சேர்ந்தது

வலசைப் பறவை ஒன்றுக்குக் கூடு கட்டும் பகுதி உண்டு, குளிர்காலத்தைக் கழிக்கும் பகுதி உண்டு, இரண்டுக்கும் நடுவே கடந்துபோகும் பாதை உண்டு. இந்த மூன்றிலும் சேராத இடத்தில் தென்பட்டால் அதை வழிதவறிய பறவை என்கிறோம். சரியான இடத்திலேயே தவறான மாதத்தில் தென்பட்டாலும் அது குறித்துவைக்க வேண்டிய விஷயம்தான். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

உலகில் எண்ணிக்கை குறைந்த பறவையும், ஓர் இடத்துக்கு அரிய பறவையும் ஒன்றல்ல. நம் வீட்டு மதில்மேல் உட்காரும் சாதாரணக் காகம் நெதர்லாந்தில் பெரிய செய்தி. 1990களின் நடுவில் அங்கே ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்துக்கு இரண்டு காகங்கள் வந்து சேர்ந்தன, பின்னர் இனப்பெருக்கமும் செய்தன. யாரும் திரும்பிப் பார்க்காத பறவை இடம் மாறினால் ஆவணமாகிவிடும்.

சில பகுதிகளில் இந்த அரிதான தன்மையை எண்ணால் வரையறுக்கிறார்கள். வட அமெரிக்கப் பறவை நோக்குவோர் சங்கத்தின் பட்டியலில் ஒவ்வோர் இனத்துக்கும் 1 முதல் 6 வரை ஒரு எண் உண்டு. மொத்தப் பதிவுகள் ஐந்தோ அதற்கும் குறைவோ, அல்லது கடந்த 30 ஆண்டுகளில் மூன்றுக்கும் குறைவோ என்றால் அது 5ஆம் வகை.

ஏன் தடம் மாறுகின்றன?

காரணம் ஒன்றல்ல. பல காரணங்கள் ஒரே பறவையில் சேர்ந்துவிடுவதும் உண்டு.

1. காற்று. 2023 ஆகஸ்ட் இறுதியில் இடாலியா சூறாவளி மெக்சிகோ வளைகுடா வழியே வந்து புளோரிடாவைத் தாக்கியது. அடுத்த சில நாட்களில் ஒஹையோ, பென்சில்வேனியா என்று பூநாரைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத மாநிலங்களில் எல்லாம் பூநாரைகள் நின்றன. செப்டம்பரில் விஸ்கான்சினில் மிச்சிகன் ஏரிக் கரையில்கூட ஐந்து. அதே செப்டம்பரில் லீ சூறாவளியின் மிச்சம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா பக்கம் போனபோது, சில கிராம் எடையே உள்ள வட அமெரிக்கக் கதிர்க்குருவிகள் பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் இதுவரை இல்லாத அளவுக்கு வந்திறங்கின.

2. பிறவித் திசை. எனக்கு எல்லாவற்றிலும் சுவையான காரணம் இதுதான். சிறு பறவைகள் பலவற்றில் குஞ்சுகள் பெற்றோரின் துணையில்லாமல் தனியாகவே முதல் வலசை போகின்றன. எந்தத் திசையில், எத்தனை காலம் பறக்க வேண்டும் என்பது பிறவியிலேயே இருக்கிறது. இலக்கு எங்கே என்பது தெரியாது. 1950களில் நெதர்லாந்தில் இதைச் சோதித்தார்கள். இலையுதிர் காலத்தில் தென்மேற்காகப் போய்க்கொண்டிருந்த ஸ்டார்லிங் என்ற மைனா வகைப் பறவைகள் 11,000க்கும் மேல் பிடித்து, அடையாளத்துக்குக் காலில் வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பே வலசை போய்வந்த முதிர்ந்த பறவைகள் இடமாற்றத்தைச் சரிசெய்துகொண்டு, வடமேற்கில் இருந்த வழக்கமான குளிர்காலப் பகுதியை நோக்கித் திரும்பின. முதல் ஆண்டு இளம்பறவைகளோ பழைய திசையிலேயே தொடர்ந்து பறந்து தெற்கு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன. இலையுதிர் காலத்தில் வழிதவறி வருபவற்றில் பெரும்பாலானவை ஏன் இளம்பறவைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பிறவித் திசையே சில பறவைகளில் பிசகிவிட்டால்? தென்கிழக்கே போக வேண்டியது தென்மேற்கே போகும், கண்ணாடியில் இடம்வலம் மாறுவது மாதிரி. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் கதிர்க்குருவிகள் கலிபோர்னியாவில் தென்படுவதை 1970களிலேயே இப்படித்தான் விளக்கினார்கள்.

3. காந்தப்புலம். பறவைகள் சூரியன், நட்சத்திரங்களோடு பூமியின் காந்தப்புலத்தையும் வழிகாட்டியாகப் பயன்படுத்துகின்றன. வட அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளாக வளையமிட்டுச் சேர்த்த தரவுகளை வைத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, காந்தப்புலம் கலங்கிய காலங்களில் வழிதவறும் நிலப்பறவைகள் அதிகம் என்று காட்டியது. குறிப்பாக இலையுதிர் கால வலசையில்.

4. இலக்கைத் தாண்டுவது. வசந்தத்தில் நல்ல வானிலையில் வடக்கே போகும் பறவை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விடும். தெற்கு இங்கிலாந்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் தலைகாட்டும் கொண்டலாத்திகள் இந்த ரகம்.

5. பெருக்கமும் உணவும். 2013–14 குளிர்காலத்தில் பனி ஆந்தைகள் வட அமெரிக்காவின் கிழக்கில் கூட்டமாகத் தெற்கே இறங்கின. புளோரிடாவிலும் பெர்முடாவிலும்கூடத் தென்பட்டன. பசியால் ஓடிவந்தவை என்று பலர் எழுதினார்கள். நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ்: அந்தக் கோடையில் வடக்கே லெம்மிங் எலிகள் ஏராளமாக இருந்ததால் குஞ்சுகள் நிறையப் பிழைத்தன, அந்த இளம் ஆந்தைகளே பரவின.

6. கப்பல். நெதர்லாந்துக் காகங்கள் துறைமுகத்தில் முளைத்தது தற்செயல் இல்லை. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிக் காகம் பரவியதில் கப்பல்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஒரு தனிப் பறவை இதில் எதனால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடிவது அபூர்வம். ஆனாலும் பறவையின் வயது, மாதம், அதற்கு முந்தைய நாட்களின் காற்று ஆகிய மூன்றும் பதிவை எடைபோடும்போது பேசும். அட்லாண்டிக் புயலுக்கு மறுநாள் ஐரோப்பாவின் மேற்குக் கரையில் ஓர் அமெரிக்க இளம்பறவை என்றால் கதை பொருந்துகிறது. அமைதியான ஜூலை நடுவில், நகரப் பூங்காவில் என்றால் கேள்விகள் கூடும்.

அனுபவசாலி சொன்னால் போதாதா?

போதாது. இது அவருடைய நேர்மையைப் பற்றிய பேச்சே இல்லை, கணக்கு அப்படி.

ஒரு பேச்சுக்கு, மிகத் திறமையான ஒருவர் ஆயிரம் பறவைகளில் ஒன்றைத்தான் தவறாக அடையாளம் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுப்பு நிலத்தில் ஒரு சாதாரண உள்ளான் இனத்தில் 10,000 பறவைகளை அவர் பார்க்கிறார். அதைப் போலவே இருக்கும் அரிய இனத்தில் ஒன்றே ஒன்று உண்மையில் அங்கே வருகிறது. இப்போது அவர் “அரிய இனம்” என்று சொல்லும் தடவைகள் எத்தனை? தவறாகச் சொன்னது சுமார் 10, சரியாகச் சொன்னது 1. அதாவது 99.9 சதவீதம் சரியாகச் சொல்பவரின் அரிய பறவை அறிவிப்புகளில் பதினொன்றுக்குப் பத்து தவறு. சாதாரணப் பறவையைப் பார்த்தேன் என்று அவர் சொல்லும்போது மறுபேச்சு பேசாமல் ஏற்கலாம். அரிய பறவை என்னும்போது அதே ஆளிடம் ஆதாரம் கேட்கத்தான் வேண்டும்.

வழி என்ன? பார்த்தவரின் பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் நிற்கக்கூடிய சான்று. ஆவணப்படுத்தல் என்பதன் முழு நோக்கமும் அதுதான்.

முதல் கூற்று: இது இந்த இனம்தான்

‘இந்த இனத்தின் அடையாளங்கள் எல்லாம் இருந்தன’ என்று எழுதுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதைப் போலவே இருக்கும், இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் இனம் இது இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பொன் உப்புக்கொத்திகளை எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய, பசிபிக், அமெரிக்க வகைகள் மூன்றும் குளிர்காலத் தோற்றத்தில் பழுப்பும் மஞ்சளும் கலந்த புள்ளிகளோடு ஒன்றுபோலவே நிற்கும். எவ்வளவு அழகாகப் படமெடுத்தாலும் முன்பக்கப் படத்தால் பெரிதாகப் பயனில்லை. சிறகைத் தூக்கும்போது அக்குள் இறகுகள் வெள்ளையா, சாம்பல் பழுப்பா என்று பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் ஐரோப்பிய வகை. மற்ற இரண்டையும் பிரிக்க, மடித்த சிறகில் உள்ளிறகுகளைத் தாண்டி வெளியே நீளும் முதன்மை இறகு நுனிகளை எண்ண வேண்டும். அமெரிக்க வகையில் நான்கைந்து நுனிகள் நீண்டு தெரியும். பசிபிக் வகையில் இரண்டு மூன்றுதான், கால்களும் சற்று நீளம். ஆக, இங்கே வேண்டியவை இரண்டே படங்கள்: சரியான பக்கவாட்டுப் படம் ஒன்று, பறக்கும்போதோ சிறகை விரிக்கும்போதோ எடுத்தது ஒன்று. அவை மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கோணம் தேவை என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் கிடைக்கும் ஐந்து நிமிடம் வீணாகாது.

ஏமாற்றும் விஷயங்கள் நான்கு அடிக்கடி வருகின்றன.

1. நிறமிக் குறைபாடு. இறகில் நிறமி சேராமல் போன சாதாரணப் பறவை, வெள்ளைத் திட்டுகளோடு புதிய இனம்போலத் தெரியும். திட்டுகள் இருபக்கமும் ஒத்துப்போகாமல் தாறுமாறாக இருந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

2. இறகு உதிர்ப்பு. வால் இறகு பாதி விழுந்த பறவை ‘குட்டைவால்’ இனமாகிவிடும். நைந்துபோன பழைய இறகுகளில் நிறமும் வெளுத்திருக்கும்.

3. கலப்பினம். வாத்துகளிலும் கடற்காகங்களிலும் இது அதிகம். இரண்டு சாதாரண இனங்களின் கலப்பு மூன்றாவதாக ஓர் அரிய இனத்தின் சாயலில் வரும்.

4. அளவும் ஒளியும். தனியாக நிற்கும் பறவையின் அளவைப் படத்திலிருந்து ஊகிக்க முடியாது. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று நிற்கும் படம் ஒன்றாவது வேண்டும். மாலை வெயிலில் எல்லாக் கால்களும் ஆரஞ்சு நிறம்தான்.

படத்தைப் பற்றி இன்னொன்று. நிறத்தைக் கூட்டி, கூர்மையேற்றி, வெட்டி அழகுபடுத்திய ஒற்றைப் படத்தைவிட, கைவைக்காத இருபது சுமாரான படங்கள் மதிப்புள்ளவை. ஒரு படத்தில் நிழலால் வந்த ‘புருவக்கோடு’ அடுத்த படத்தில் காணாமல் போகும். மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

எழுத்துக் குறிப்பு பழங்கால வழக்கம் என்று பலர் விட்டுவிட்டார்கள். படத்தில் வராதது அதில் வரும்: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், ஒளி எந்தப் பக்கம், எந்தக் கருவியில் பார்த்தது, எப்படி நடந்தது, எப்படி இரை தேடியது, என்ன குரல். ஒரே ஒரு நிபந்தனை, கள வழிகாட்டி நூலைத் திறப்பதற்கு முன்பே எழுத வேண்டும். நூலைப் பார்த்த பிறகு நினைவு அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். பார்க்காத கண்வளையம் பார்த்ததாகவே மனதில் பதிந்துவிடும். பார்க்க முடியாமல் போன பாகங்களையும் எழுதுங்கள். “காலின் நிறம் புல்லில் மறைந்திருந்தது” என்ற வரி இருக்கும் குறிப்பின்மேல் மதிப்பீட்டாளருக்கு நம்பிக்கை கூடுகிறது.

குரல் பதிவுக்கு இப்போது கைபேசியே போதும். சில இனங்களைத் தோற்றத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது, குரல்தான் தீர்ப்பு சொல்லும். இங்கே ஒரு எச்சரிக்கை: மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டு ஒரு பெயரைக் காட்டுவது துப்பு மட்டுமே. துடுப்புவால் கரிச்சான் போல மற்ற பறவைகளின் குரலில் பேசும் பறவைகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுச் செயலியும் ஏமாறும். செயலி காட்டிய பெயரை மட்டும் பதிவேற்றாமல் ஒலிக்கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் மற்றவர்கள் அலைவரைபடத்தில் சரிபார்க்கலாம்.

இதற்கும் மேலே போனால் மரபணு. ஆசியாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு வழிதவறி வரும் புதர்ச்சிட்டு வகைகளில் ஸ்டெய்னெகர் புதர்ச்சிட்டைத் தோற்றத்தில் பிரிப்பது பெரும்பாடு. பறவை உட்கார்ந்து எழுந்த இடத்தில் விட்டுப்போன எச்சத்தை எடுத்து மரபணு பார்த்து உறுதிசெய்திருக்கிறார்கள். பறவையைத் தொட வேண்டியதே இல்லை.

இரண்டாவது கூற்று: இந்த இடத்தில், இந்த நாளில்

இது எளிது என்று நினைத்துத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். கேமராவின் கடிகாரம் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் பதிவே ஒருநாள் தள்ளிப்போகும். இடத்தை ‘ஏரி’ என்று எழுதாமல் கைபேசி காட்டும் ஆள்கூறுகளோடு குறியுங்கள். பறவையோடு பின்னணியும் தெரியும் அகலமான படம் ஒன்று எடுத்துவைத்தால் பிற்காலத்தில் யாரும் சந்தேகப்பட முடியாது.

சந்தேகம் அதீதமாகத் தோன்றினால் வரலாற்றைப் பார்க்கலாம். 1890களிலிருந்து 1930 வரை இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றி நம்பமுடியாத அளவுக்கு அரிய பறவைகள் ‘சுடப்பட்டன’. உடல்கள் இருந்தன, பெயர்கள் சரி, அடையாளத்தில் குற்றமே இல்லை. கணிசமானவை, இறந்த பறவைகளைப் பதப்படுத்திப் பாடம்செய்யும் ஒரே ஆளின் கடை வழியே வந்தவை. 1962இல் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழ், ஹேஸ்டிங்ஸ் பகுதியின் பதிவுகளைப் பக்கத்து மாவட்டங்களோடும் பிற்காலத்தோடும் ஒப்பிட்ட புள்ளியியல் அலசலை வெளியிட்டது. ஒரு சிறு பகுதிக்கு மட்டும் இவ்வளவு அதிர்ஷ்டம் சாத்தியமில்லை என்றது அந்த அலசல். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, அங்கே சுட்டதாகச் சொல்லி விற்றிருக்கலாம் என்பது பரவலான முடிவு. 29 இனங்களும் உள்ளினங்களும் நாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முதல் கூற்று நூற்றுக்கு நூறு சரி, இரண்டாவது பொய். பிறகு அவற்றில் பெரும்பாலானவை நம்பகமான புதிய பதிவுகளின் பேரில் மீண்டும் பட்டியலுக்குள் வந்தன என்பது கதையின் வேடிக்கையான பின்பகுதி.

மூன்றாவது கூற்று: தானாக வந்ததா?

2018 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு ஆண் மாண்டரின் வாத்து நீந்தியது, உலகமே பார்த்தது. கிழக்காசியப் பறவை, அடையாளத்தில் குழப்பமே இல்லை, ஆயிரக்கணக்கான படங்கள். ஆனாலும் காட்டுப் பறவையாக எந்தப் பட்டியலிலும் அது ஏறவில்லை. அதன் காலில் ஒரு வளையம் இருந்தது, அந்த இனத்தைப் பலர் அலங்காரத்துக்கு வளர்க்கிறார்கள். முதல் இரண்டு கூற்றுகளும் தேறி, மூன்றாவதில் விழுந்த பதிவு இது.

வளர்ப்பிலிருந்து தப்பியது என்று சந்தேகிக்க வைக்கும் தடயங்கள்: காலில் வளர்ப்பாளர் வளையம், கூண்டுக் கம்பியில் தேய்ந்த வால் நுனியும் சிறகு நுனியும், வெட்டிய பின்விரல் அல்லது சிறகு, மனிதரைக் கண்டு அஞ்சாமை, அந்த இனம் அந்த வட்டாரத்தில் எவ்வளவு வளர்க்கப்படுகிறது என்பது. இதில் அஞ்சாமை பலவீனமான தடயம். ஆளே பார்த்திராத வடதுருவப் பகுதியிலிருந்து வந்த பறவையும் அஞ்சாமல்தான் நிற்கும். இறகு தேய்ந்திருந்தால் நெடும்பயணத்தாலும் தேய்ந்திருக்கலாம். எனவே பறவையின் கால்களைப் படமெடுக்க மறக்காதீர்கள். வளையம் இல்லை என்பதும் ஒரு சான்று.

வேதியியலும் உதவிக்கு வருகிறது. பறவையின் இறகு வளரும்போது அது குடிக்கும் நீரிலும் தின்னும் உணவிலும் இருக்கும் நிலையான ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) விகிதம் இறகில் பதிந்துவிடும். அந்த விகிதம் நிலப்பகுதிக்கு நிலப்பகுதி மாறும். 2005 நவம்பரில் டென்மார்க்கில் சுடப்பட்ட பைக்கால் கிளுவை என்ற இளம் வாத்து ஒன்றின் இறகை இப்படிப் பரிசோதித்தார்கள். குஞ்சுப் பருவத்து இறகு சைபீரியாவில் வளர்ந்ததற்கு ஒத்துப்போனது, பின்னால் முளைத்த இறகு ஐரோப்பாவோடு ஒத்துப்போனது. வளர்ப்பு வாத்து என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய பறவை காட்டுப் பறவையாக நிரூபணமானது.

சந்தேகம் எல்லை மீறியதும் உண்டு. புளோரிடாவில் பூநாரையைப் பார்த்தால் வளர்ப்பிடத்திலிருந்து தப்பியது என்று பல பத்தாண்டுகள் தள்ளிவிட்டார்கள். பழைய வரலாற்றுக் குறிப்புகளையும் அருங்காட்சியக முட்டைகளையும் ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, அது அந்த மண்ணின் பறவையே என்று வாதிட்டது. 2023 சூறாவளிக்குப் பிறகு புளோரிடாவில் பார்த்தவற்றில் மெக்சிகோவின் யுகட்டானில் இடப்பட்ட வளையத்தோடு ஒன்று இருந்தது. வளையம் என்றாலே வளர்ப்பு என்று அர்த்தமில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

யார் தீர்மானிக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு அமைப்பு மாறும், முறை ஏறத்தாழ ஒன்றுதான். பிரிட்டனில் அரிய பறவைகளுக்கான குழு 1959இல் தொடங்கியது. நாட்டுக்கே முதல்முறையாக வரும் இனம் என்றால் அதற்கும் மேல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் பதிவுக் குழு ஒருமுறை பார்க்கிறது. பதிவான இனங்களை ஏ முதல் ஈ வரை பிரிக்கிறார்கள். 1950க்குப் பிறகு ஒருமுறையாவது இயற்கையாக வந்தது ஏ. அதற்கு முந்தைய பதிவுகளில் மட்டும் இருப்பது பி. மனிதர் கொண்டுவந்து விட்டு, பிறகு தானாகவே நிலைத்தது சி. தானாக வந்ததா என்பதில் நியாயமான சந்தேகம் இருப்பது டி. தப்பி வந்தது ஈ.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை ஏற்றும் இ-பேர்ட் இணையதளம் 2002 முதல் இயங்குகிறது. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் எந்த இனம் எத்தனை வரலாம் என்ற வடிகட்டி இருக்கிறது. அதைத் தாண்டினால் தளம் விவரம் கேட்கும், அப்புறம் அந்தப் பகுதியின் தன்னார்வ மதிப்பீட்டாளர் பார்ப்பார். உறுதியாகாத பதிவு தளத்தின் பொதுத் தரவுகளில் சேராது, ஆனால் உங்கள் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும்.

‘நிராகரிப்பு’ என்ற சொல்தான் மனதைப் புண்படுத்துகிறது. குழு சொல்வது “கொடுத்த சான்றை வைத்து உறுதிசெய்ய முடியவில்லை” என்பது மட்டுமே. பார்த்தவர் சரியாகவே பார்த்திருக்கலாம். கோப்பு மூடப்படுவதும் இல்லை. பிற்காலத்தில் ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்தாலோ, புதிய அடையாளக் குறி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலோ பழைய படங்களை மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்ற பதிவு தள்ளப்படுவதும் தள்ளிய பதிவு ஏற்கப்படுவதும் இரண்டுமே நடக்கிறது.

செய்தியை எப்போது வெளியிடுவது?

1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு பல்பொருள் அங்காடியை ஒட்டிய குடியிருப்பில் வட அமெரிக்கப் பொன்சிறகுக் கதிர்க்குருவி ஒன்று தென்பட்டது. வார இறுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவை நிறைத்தார்கள். கூட்டம் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சுருக்கமாகச் சில:

1. கூட்டில் இருக்கும் பறவை, கடத்தலுக்கோ வேட்டைக்கோ உள்ளாகும் இனம் என்றால் இடத்தை வெளியிட வேண்டாம். மதிப்பீட்டாளருக்கு மட்டும் சொல்லலாம்.

2. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான்.

3. வழிதவறி வந்த பறவை பெரும்பாலும் களைத்திருக்கும். அது இரை தேடுவதை நிறுத்தினால் நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள். குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது.

மற்றபடி ஒளித்துவைப்பதற்குக் காரணமில்லை. நாலு பேர் வந்து பார்த்தால் அடையாளம் உறுதியாகும், விட்டுப்போன கோணத்தில் படமும் கிடைக்கும். அரிய பறவையைப் பார்க்க வந்த கூட்டம் அதே இடத்தில் இன்னும் பல அரிய பறவைகளைக் கண்டுபிடிக்கும் என்றொரு நம்பிக்கை பறவை நோக்குவோரிடம் உண்டு; அரிசோனாவின் பேட்டகோனியா அருகே சாலையோர நிறுத்தம் ஒன்றின் பெயரால் அதைச் சொல்வார்கள். தரவுகளை வைத்துச் சோதித்தபோது அதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. கேட்க நல்ல கதை, அவ்வளவுதான்.

ஒற்றைப் பதிவுகள் சேரும்போது

வழிதவறிய பறவை திரும்பிப் போகாமல் செத்துவிடும், அதனால் அறிவியலுக்கு அதில் ஒன்றுமில்லை என்று ஒருகாலத்தில் சொல்லிவந்தார்கள். மூன்று பறவைகள் அந்த எண்ணத்தை மாற்றின.

உண்ணிக்கொக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவின் வடகரையில் தென்பட்டது. அன்றைக்கு அது ஒரு வினோதம். 1953இல் புளோரிடாவில் கூடு கட்டியது. இன்று அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பகுதியில் மாடுகளோடு மேய்கிறது.

இரண்டாவது, கருந்தொப்பிக் கதிர்க்குருவி. மத்திய ஐரோப்பாவில் கூடு கட்டும் இந்தப் பறவைகள் தென்மேற்காகப் போய்ப் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கம் குளிர்காலத்தைக் கழித்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனின் குளிர்காலத் தோட்டங்களில் அவற்றின் பதிவுகள் கூடிக்கொண்டே போயின. அப்படிக் குளிர்காலத்தில் பிரிட்டனில் இருந்த பறவைகளைப் பிடித்து இனப்பெருக்கம் செய்யவைத்து, அவற்றின் குஞ்சுகள் எந்தத் திசைக்குத் துடிக்கின்றன என்று பார்த்தார்கள். 1992இல் வெளியான முடிவு: குஞ்சுகளும் மேற்கு–வடமேற்குத் திசையையே நாடின. தவறான திசை என்று எண்ணியது பரம்பரையாக இறங்கும் புதிய வலசைப் பாதையாகிவிட்டிருந்தது.

மூன்றாவது, ரிச்சர்ட் நெட்டைக்காலி. சைபீரியாவில் கூடு கட்டித் தென்னாசியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் இப்பறவை மேற்கு ஐரோப்பாவில் இலையுதிர் கால விருந்தாளியாகத்தான் அறியப்பட்டிருந்தது. தெற்கு பிரான்சில் குளிர்காலம் முழுக்க அவை தங்குவதையும், அவற்றில் முதிர்ந்த பறவைகள் இருப்பதையும் பதிவுகள் காட்டின. முதிர்ந்த பறவை என்றால் ஏற்கெனவே ஒருமுறை போய்த் திரும்பியது என்று பொருள். பறவைகளின் முதுகில் ஒளியை அளக்கும் சிறு கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். அடுத்த குளிர்காலத்தில் திரும்பி வந்த பறவையின் கருவியில், அது கோடையில் சைபீரியா வரை போய் வந்த தடம் பதிந்திருந்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வுக்கு அடிப்படை, பல பத்தாண்டுகளாகப் பலர் தனித்தனியே எழுதிவைத்த குறிப்புகள். வயதையும் தேதியையும் சரியாகக் குறித்திருந்தவை மட்டுமே அதற்குப் பயன்பட்டன.